டெண்டர் பெட்டிக்குப் பின்: புதுக்கோட்டையிலிருந்து மின்னணுக் கொள்முதலைப் பார்த்தல்

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆண்டு முழுக்க ஓயாமல் வாங்கிக்கொண்டிருக்கும் ஒரே பெரிய வாடிக்கையாளர் அரசாங்கம்தான். நூற்றுக்கணக்கான கிராம ஊராட்சிகள், 13 ஊராட்சி ஒன்றியங்கள், பேரூராட்சிகள், அறந்தாங்கி நகராட்சி, 2024இல் மாநகராட்சியான புதுக்கோட்டை, 2017இல் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி, பொதுப்பணி, நீர்வளம், நெடுஞ்சாலைத் துறைகள் என்று ஒவ்வொன்றும் எதையாவது வாங்குகிறது, அல்லது எதையாவது கட்டச் சொல்கிறது. பெரிய ஆலைகள் அதிகமில்லாத, மழையை நம்பிய மாவட்டம் இது. ஜல்லி லாரி வைத்திருப்பவர், செங்கல் சூளைக்காரர், டிராக்டர் ஓட்டுபவர், கொத்தனார், சித்தாள் எனப் பலருடைய பிழைப்பு இந்தக் கொள்முதலைச் சுற்றியே ஓடுகிறது. ஆகவே டெண்டர் எப்படி விடப்படுகிறது என்ற கேள்வி இங்கே அலுவலக நடைமுறை பற்றியது மட்டுமல்ல. பணம் யார் கைக்குப் போகிறது, போட்ட சாலை எத்தனை மழை தாங்குகிறது என்பதும் அதில் அடங்கியிருக்கிறது.

உலக அளவில் பார்த்தாலும் தொகை சிறியதில்லை. 2018ஆம் ஆண்டுக் கணக்கில் உலக நாடுகளின் மொத்த உற்பத்தியில் சுமார் 12 விழுக்காடு அரசுக் கொள்முதலாகச் செலவானது என்று உலக வங்கி ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். இவ்வளவு பணத்தையும் காகிதத்திலிருந்து கணினிக்கு மாற்றினால் ஊழல் குறையும், விலை இறங்கும் என்பதுதான் இருபதாண்டுகளாக நமக்குச் சொல்லப்படும் வாக்குறுதி. அதில் பாதி மெய்ப்பட்டிருக்கிறது. எந்தப் பாதி என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். விலை குறையும் என்று எதிர்பார்த்த இடத்தில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. யாரும் அதிகம் பேசாத இன்னொரு இடத்தில், அதாவது தடயம் சேர்வதில், பெரிய மாற்றம் வந்திருக்கிறது. அந்தத் தடயத்தைத் திறந்து படிப்பவர்தான் குறைவு.

பெட்டிக் காலத்தை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. டெண்டர் படிவத்தை அலுவலகத்துக்குப் போய்த்தான் வாங்க வேண்டும். யார் யார் வாங்கினார்கள் என்பது வாங்கும்போதே வெளியே தெரிந்துவிடும். முன்வைப்புத் தொகைக்கு டி.டி. எடுக்கும் வங்கிக் கிளையிலும் தெரிந்துவிடும். பிற்பகல் மூன்று மணிக்குப் பெட்டி மூடப்படும் என்றால் காலையிலிருந்தே அதைச் சுற்றி ஆள் நிற்கும். வெளியூர்க்காரர் உறையோடு வந்தால் வாசலிலேயே நிறுத்திப் பேசுவார்கள். பேச்சில் மசியாவிட்டால் வேறு வழிகளும் இருந்தன. டெண்டர் பெட்டி முன் அடிதடி, பெட்டியையே தூக்கிக்கொண்டு ஓட்டம் போன்ற செய்திகள் தமிழ்நாட்டு நாளிதழ்களுக்குப் புதிதல்ல. அடிதடி நடந்த இடத்தில் போட்டியாவது இருந்தது என்றுதான் நான் சொல்வேன். சத்தமே இல்லாமல், ‘இந்த வேலை உனக்கு, அடுத்தது எனக்கு’ என்று முறை வைத்துக்கொண்டு, துணைக்கு இரண்டு டம்மி விலைப்புள்ளிகளையும் சேர்த்துப் போட்ட இடங்களில்தான் அரசின் பணம் அதிகம் போனது.

இதைத் தடுக்க இந்தியாவிலேயே முதலில் தனிச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் தமிழ்நாடு. டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998இல் நிறைவேறியது. அடுத்த ஆண்டு கர்நாடகம் அதே வழியில் தன் சட்டத்தை இயற்றியது. நம் சட்டத்துக்கான விதிகள் 2000இல் வந்தன. இரண்டு கோடி ரூபாய் வரையிலான பணிக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேற்பட்டதற்கு 30 நாள் அவகாசம் தர வேண்டும். அவகாசத்தைக் குறைத்தால் மேலதிகாரி காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். அறிவிப்புகள் மாநில, மாவட்ட டெண்டர் செய்தி இதழ்களில் வர வேண்டும். தகுதி பெற்றவர்களில் குறைந்த விலை கேட்டவருக்கே பணி. முடிவு பிடிக்காதவர் பத்து நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். நல்ல சட்டம்தான். ஆனால் மாவட்டச் செய்தி இதழைத் தேடிப் படித்து டெண்டர் போட்ட காண்ட்ராக்டரைச் சந்தித்தவர் உண்டா என்று கேட்டால் பதில் கிடைப்பது கடினம். சட்டம் வெளிப்படையாக இருக்கச் சொன்னது. வெளிப்பட்டது எங்கே கிடைக்கும் என்பதை இணையம் வந்த பிறகுதான் சொல்ல முடிந்தது.

2003இல் ஆந்திரப் பிரதேசம் மின்னணுக் கொள்முதலைத் தொடங்கியது. பின்னர் தேசியத் தகவலியல் மையம் உருவாக்கிய ‘ஜெப்நிக்’ மென்பொருள் பல மாநிலங்களுக்குப் பரவியது. நம்முடைய ‘டி.என். டெண்டர்ஸ்’ தளமும் அதில்தான் ஓடுகிறது. அது வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் அதன் பலமும் பலவீனமும் அங்கேதான் இருக்கின்றன.

காண்ட்ராக்டர் தன் டிஜிட்டல் கையொப்பத்தைக் கொண்டு தளத்தில் நுழைகிறார். ஆவணங்களை இறக்குகிறார். தகுதிச் சான்றுகள் ஓர் உறை, விலை ஓர் உறை. விலையை எக்செல் படிவத்தில் நிரப்பி ஏற்றும்போது அது மறையாக்கம் செய்யப்பட்டுவிடுகிறது. குறித்த நேரத்துக்கு முன் ஒன்றியப் பொறியாளரோ ஆட்சியரோகூட அதைப் படிக்க முடியாது. திறப்பதற்கென்று முன்கூட்டியே நியமிக்கப்பட்ட அலுவலர்களில் குறைந்தது இருவர் தத்தம் கையொப்பச் சாவியோடு வந்தாக வேண்டும். கடைசி நிமிடம் எது என்பதைத் தீர்மானிப்பது சர்வரின் கடிகாரம். அலுவலகச் சுவரில் இருந்ததைப் போல அதை ஐந்து நிமிடம் முன்னே தள்ளிவைக்க முடியாது. ஒப்பீட்டுப் பட்டியலைக் கணினியே போடுகிறது. மணமேல்குடியில் இருக்கும் காண்ட்ராக்டர் தன் வீட்டில் இருந்தபடியே தன் உறை திறக்கப்படுவதைப் பார்க்கலாம். வாசலில் நிறுத்திப் பேசுபவருக்கு இந்த முறையில் வேலை இல்லை.

ஆனால் வாசலும் கொஞ்சம் உயரம்தான். டெண்டர் ஆவணங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில். கையொப்பச் சான்றைக் குறித்த காலத்தில் புதுப்பிக்க வேண்டும். 2021 ஜனவரி முதல் இரண்டாம் வகுப்புச் சான்று நிறுத்தப்பட்டு மூன்றாம் வகுப்புச் சான்று தேவையானது. ஐந்தாம் வகுப்புக் காண்ட்ராக்டர் பதிவில் சிறு வேலை எடுக்கும் ஒருவர் இதையெல்லாம் தானே செய்வதில்லை. டவுனில் டெண்டர் ‘போட்டுத் தரும்’ கணினி மையத்தில் கையொப்ப டோக்கனையும் கடவுச்சொல்லையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறார். ஒரே மையத்தில், ஒரே கணினியில், ஒரே வேலைக்குப் போட்டியிடும் மூவரின் விலையும் ஏறினால் மறையாக்கத்துக்கு என்ன பொருள்? தென்கொரியாவிலும் இதே சிக்கல் வந்தது. 2002இல் தொடங்கிய அவர்களுடைய ‘கோனெப்ஸ்’ அமைப்பில் சான்றிதழை இரவல் வாங்கி டெண்டர் போடுவது பரவியதால், 2010இல் விரல்ரேகை முறையைக் கொண்டுவந்தார்கள்.

சரி, இத்தனை ஏற்பாட்டால் கிடைத்தது என்ன? இதற்கு இந்தியச் சாலைகளை வைத்தே ஓர் ஆய்வு இருக்கிறது. லூயிஸ் ஃபாப்பல், நெக்கர்ஸ், ஓல்கன், ரோகிணி பாண்டே ஆகிய நால்வரும் பிரதமரின் கிராமச் சாலைத் திட்டப் பணிகளையும் இந்தோனேசியாவின் தேசியச் சாலைப் பணிகளையும் எடுத்துக்கொண்டு, மின்னணு முறை வெவ்வேறு மாநிலங்களுக்கு வெவ்வேறு ஆண்டுகளில் வந்ததைப் பயன்படுத்தி, முன்னும் பின்னும் ஒப்பிட்டார்கள். 2016இல் வெளியான அந்த ஆய்வு, விலை குறைந்ததற்குச் சான்று இல்லை என்றது. ஆனால் இந்தியாவில் சாலைகளின் தரம் கூடியிருந்தது. இந்தோனேசியாவில் பணி முடியும் தாமதம் குறைந்திருந்தது. வெளிப் பகுதியைச் சேர்ந்தவர்கள் வெல்வது அதிகரித்திருந்தது. அதாவது தூரத்திலிருந்த திறமையான காண்ட்ராக்டர் உள்ளே வந்தார், அதே விலைக்கு மேலான வேலையைச் செய்தார் என்று படிக்கலாம்.

எனக்கு இந்த முடிவு மிக முக்கியமாகப் படுகிறது. மின்னணு டெண்டரால் ‘இத்தனை கோடி மிச்சம்’ என்று அரசுகள் அறிக்கை விடும்போது, மதிப்பீட்டுத் தொகைக்கும் ஏற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் பெரும்பாலும் மிச்சமாகக் காட்டுகிறார்கள். மதிப்பீட்டையே கூட்டிப் போட்டால் எவ்வளவு வேண்டுமானாலும் மிச்சம் காட்டலாம். சாலையின் தரத்தை அப்படிக் காட்ட முடியாது. கறம்பக்குடிப் பக்கம் போட்ட சாலை இரண்டாவது ஐப்பசியில் பெயர்கிறதா இல்லையா என்று அந்த வழியாகப் போகும் மினி பஸ் டிரைவரே சொல்லிவிடுவார்.

அந்த ஆய்வுக்கு இன்னொரு முகமும் உண்டு. வெளியூர்க்காரர் வென்றால் உள்ளூர்ச் சிறு காண்ட்ராக்டர் தோற்கிறார். இதை வெறும் புலம்பல் என்று ஒதுக்க மாட்டேன். ஏனென்றால் தோல்வி எப்போதும் திறமையால் வருவதில்லை. பல நேரம் டெண்டரின் வடிவத்தாலேயே வருகிறது. பத்துச் சிறு சாலைகளை ஒரு பொதியாகக் கட்டினால் பத்துப் பேர் எடுக்க வேண்டிய வேலை ஒருவருக்குப் போகும். சொந்தத் தார் கலவை ஆலை வேண்டும், இத்தனை கோடிக்கு முன்னனுபவம் வேண்டும் என்று நிபந்தனை எழுதினால் போட்டி தளத்துக்கு வரும் முன்பே முடிந்துவிடும். இதற்கு நேரெதிரான தந்திரமும் உண்டு: ஒரு வேலையைத் துண்டு துண்டாக உடைத்து, ஒவ்வொன்றையும் டெண்டர் வரம்புக்குக் கீழே கொண்டுவந்து கொட்டேஷனில் முடிப்பது. சில டெண்டர்களில் வேலை நடக்கும் இடத்தைப் பார்வையிட்டதாகப் பொறியாளரிடமே சான்று வாங்கி இணைக்கச் சொல்கிறார்கள். யார் டெண்டர் போடப்போகிறார் என்பதை மறைக்கத்தான் இவ்வளவு பெரிய மென்பொருள்; அந்த ஒரு சான்று எல்லாப் பெயரையும் முன்கூட்டியே மேசையில் வைத்துவிடுகிறது. இவற்றில் எதையும் கணினி தடுக்காது. நிபந்தனை எழுதுவது மனிதர்.

வேலை கொடுத்த பிறகும் அப்படித்தான். பணி ஆணை போனதும் வேலை ‘எம் புக்’ எனப்படும் அளவுப் புத்தகத்துக்கு மாறிவிடுகிறது. எத்தனை மீட்டர், எத்தனை சென்டிமீட்டர் கனம் என்று அளந்து எழுதுபவர் உதவிப் பொறியாளர். சரிபார்ப்பவர் அவருக்கு மேலே உள்ளவர். பில் பாஸ் ஆகும் வரை காண்ட்ராக்டர் காத்திருக்கிறார். ‘பர்சென்டேஜ்’ என்ற சொல் தமிழ்நாட்டில் எந்தக் கட்டத்தோடு ஒட்டிக்கொண்டது என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. விலையைக் குறைத்துப் போட்டு வென்றவர் அதையும் கொடுக்க வேண்டி வந்தால் ஜல்லியிலும் தாரிலும்தான் கை வைப்பார். டெண்டரை மட்டும் மின்மயமாக்கி அளவையும் பில்லையும் பழையபடி விட்டால், இரண்டு பக்கமும் கரை உடைந்த கண்மாயில் மதகுக்கு மட்டும் பெயின்ட் அடித்த கதைதான்.

கணினிக்குள்ளேயும் திருட்டு நடக்காமலில்லை. மத்தியப் பிரதேசத்தில் 2018இல் ஜல் நிகம் குடிநீர்த் திட்டங்களின் மின்னணு டெண்டரில், விலைகள் திறக்கப்படும் முன்பே உள்ளே புகுந்து மாற்றப்பட்டதாகத் தெரியவந்து டெண்டர்கள் ரத்தாயின. அடுத்த ஆண்டு ஏப்ரலில் அம்மாநிலப் பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குப் பதிந்தது. சத்தீஸ்கரில் நடந்தது இன்னும் வெளிப்படை. 2019 ஜனவரியில் வெளிவந்த தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை, 4,601 கோடி ரூபாய் மதிப்புள்ள 1,921 டெண்டர்களில் அதிகாரிகளும் டெண்டர் போட்டவர்களும் ஒரே கணினியைப் பயன்படுத்தியிருந்ததைக் கண்டது. அப்படிப்பட்ட கணினிகள் 74.

இந்தச் செய்தியைப் படித்தவர்கள் பலர், மின்னணு முறையும் தோற்றது என்று முடிவு கட்டினார்கள். நான் அதை மறுபக்கமாகப் படிக்கிறேன். பெட்டிக் காலத்தில் ஒரே பேனாவால் மூன்று விலைப்புள்ளிகள் நிரப்பப்பட்டன என்பதை ஒரு மாநிலம் முழுக்கத் தேடி எண்ணிச் சொல்ல எந்தத் தணிக்கையாளராலும் முடிந்திருக்காது. இங்கே எண்ண முடிந்தது. திருடியவர்களுக்குத் தாங்கள் கால்தடம் விட்டுப் போவது தெரியவில்லை. கொரியாவின் போட்டி ஆணையம் 2006 முதல் கூட்டுச் சதிக்கான அறிகுறிகளைக் கணினியாலேயே தேடுகிறது: விலைகள் எவ்வளவு நெருக்கமாக உள்ளன, எத்தனை பேர் போட்டியிட்டார்கள், வென்ற விலை மதிப்பீட்டுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதைப் போல. உக்ரைனின் ‘புரோசோரோ’ தளத்தில் ஏலம் முடிந்ததும் எல்லா விலையும் எல்லா ஆவணமும் பொதுமக்கள் பார்வைக்கு வந்துவிடும். அதை நோண்டிப் பார்ப்பதற்கென்றே குடிமக்கள் குழுக்கள் இருக்கின்றன. இந்தியாவிலும் டெண்டர் கூட்டுச்சதி 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டப்படி தடைசெய்யப்பட்டது. தரவு கையில் இருக்கிறது, சட்டமும் இருக்கிறது. இரண்டையும் மாவட்ட அளவில் இணைக்க ஆள் இல்லை.

கணினியை மட்டும் நம்பாத ஒரு சீர்திருத்தம் நம் ஊரிலேயே இருப்பதை இந்த விவாதத்தில் மறந்துவிடுகிறோம். 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். அதற்கு முன் மருந்து வாங்கியதில் நடந்த முறைகேடுகள் ஊரறிந்தவை. கழகம் அடிப்படையையே மாற்றியது. தேவையான மருந்துகளின் பட்டியலைச் சுருக்கி, வேதிப் பெயரில் மொத்தமாக டெண்டர் விட்டது. இரட்டை உறை வைத்தது. வந்த மருந்தை மாவட்டக் கிடங்குகளில் இறக்கி, ஒவ்வொரு தொகுதியிலும் மாதிரி எடுத்து வெளிப் பரிசோதனைக் கூடங்களுக்கு அனுப்பி, தேறிய பிறகே மருத்துவமனைகளுக்கு விட்டது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக். வங்கிக் கணக்கைப் போல, ஒதுக்கிய தொகைக்குள் அந்த ஊர் மருத்துவர் தமக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். கணினியும் இருந்தது, ஆனால் அது இருப்பைக் காட்டும் வேலையைச் செய்தது. வாங்குவது, சோதிப்பது, பணம் கொடுப்பது என்ற மூன்றையும் வெவ்வேறு கைகளில் பிரித்து வைத்ததே வெற்றிக்குக் காரணம் என்று நினைக்கிறேன். பல மாநிலங்கள் பின்னர் இந்த முறையைப் பார்த்துத் தம் கழகங்களை அமைத்தன. சாலைக்கும் இப்படி ஒரு ‘வெளிப் பரிசோதனைக் கூடம்’ ஏன் ஒன்றிய அளவில் இல்லை என்று கேட்கத் தோன்றுகிறது.

போட்டியே எல்லாவற்றுக்கும் மருந்து என்ற நம்பிக்கையையும் புதுக்கோட்டையின் அனுபவம் கேள்வி கேட்கிறது. 1990களின் தொடக்கத்தில் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கமும் பெண்கள் சைக்கிள் கற்றதும் உலகப் புகழ் பெற்றன. அதே காலத்தில் நடந்த இன்னொன்று அவ்வளவாகப் பேசப்படவில்லை. குடுமியான்மலை உள்ளிட்ட இடங்களில் அரசுப் புறம்போக்குக் கல்குவாரிகள், அதுவரை காண்ட்ராக்டர்களிடம் கடன்பட்டுக் கல் உடைத்துக்கொண்டிருந்த பெண்களின் குழுக்களுக்கே குத்தகைக்கு விடப்பட்டன. பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். இது அரசு வாங்குவதல்ல, அரசு உரிமையை விற்பது என்பது உண்மைதான். ஆனாலும் கேள்வி ஒன்றே: அதிகத் தொகை கேட்டவருக்கே ஏலம் என்றால் அந்தப் பெண்கள் ஒருநாளும் வாசலுக்கே வந்திருக்க மாட்டார்கள். கையொப்ப டோக்கனும் ஆன்லைன் முன்பணமும் வந்துவிட்ட காலத்தில் அந்த வாசல் இன்னும் உயர்ந்திருக்கும்.

போட்டி எல்லாவற்றுக்கும் மருந்தல்ல என்பதையே சாக்காக வைத்து டெண்டரைத் தவிர்ப்பதும் நடந்தது. 2017இல் மறுபடி உயிர்பெற்ற குடிமராமத்தில், ஆயக்கட்டு விவசாயிகள் பத்து விழுக்காடு பங்களித்தால் கண்மாய் வேலையை அவர்களுடைய சங்கமே டெண்டர் இன்றிச் செய்யலாம் என்று இருந்தது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட நீர்நிலைகள் உள்ள மாவட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இருக்க முடியாது. ஆனால் சங்கத்தின் பெயரில் கட்சிக்காரர் வேலை எடுத்தார் என்ற குற்றச்சாட்டு பல மாவட்டங்களில் எழுந்தது. 2018 நவம்பரில் கஜா புயல் கீரமங்கலம், வடகாடு, ஆலங்குடிப் பக்கத் தென்னந்தோப்புகளையும் மின்கம்பங்களையும் சாய்த்துப் போட்டபோது பதினைந்து நாள் அவகாசம் கொடுத்து மின்கம்பம் வாங்கியிருக்க முடியாது. பேரிடருக்குச் சட்டமே 16ஆம் பிரிவில் விலக்கு தருகிறது. விலக்கு இருக்கட்டும். விலக்கில் வாங்கியதையும், சங்கத்துக்குக் கொடுத்ததையும் வாங்கிய பிறகாவது அதே தளத்தில் ஏற்ற வேண்டும் என்று விதி செய்ய என்ன தடை?

திருச்சி எல்லையை ஒட்டிய மாத்தூர் சிட்கோ தொழிற்பேட்டையில் கதை வேறு. பெல் நிறுவனத்துக்கு உதிரிப் பாகம் செய்யும் பட்டறைகள் பலவற்றுக்கு மின்னணுக் கொள்முதலின் முகம் தலைகீழ் ஏலம். திரையில் அடுத்தவர் விலையைப் பார்த்து இன்னும் இறக்கிக்கொண்டே போக வேண்டும். ஆர்டர் வறண்ட காலத்தில் ஆள் கூலிக்கும் வெல்டிங் ராடுக்கும் கட்டாத விலைக்கு ஒருவர் இறங்கினால் மற்றவரும் இறங்க வேண்டியிருக்கும். சிறு, குறு தொழில்களிடம் குறைந்தது 25 விழுக்காடு வாங்க வேண்டும் என்ற மத்திய அரசின் கொள்கை இவர்களுக்கு ஓரளவு கவசம். ஆனால் அளவை உறுதி செய்யும் விதி விலையை உறுதி செய்வதில்லை.

விவசாயிக்குக் கொள்முதல் என்றால் நெல். அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடிப் பக்கம் கல்லணைக் கால்வாயின் கடைமடையில் விளைவதை நேரடிக் கொள்முதல் நிலையத்தில் போட, ஆன்லைனில் முன்பதிவு செய்யும் முறை வந்தது. இடைத்தரகரைத் தடுக்கும் நோக்கம் சரியானதே. நடைமுறையில் பதிவுக்கு வி.ஏ.ஓ. ஒப்புதல் வேண்டும், பிறகு எடை, ஈரப்பதம், லாரி. சிப்பத்துக்கு இவ்வளவு என்று கேட்கும் பழக்கத்தைப் பதிவு முறை தொடவே இல்லை என்று விவசாயிகள் குறைதீர் கூட்டங்களில் சொல்கிறார்கள். சாலைக்கு எம் புக் எப்படியோ நெல்லுக்குத் தராசும் அப்படியே.

ஆகவே இனிச் செய்ய வேண்டியது இன்னொரு புதிய தளம் தொடங்குவதல்ல என்பது என் கருத்து. இருக்கும் தளத்தை இரண்டு பக்கமும் நீட்ட வேண்டும். முன்பக்கம்: தகுதி நிபந்தனைகளை அறிவிக்கும் முன் சில நாள் பொதுவில் வைத்துக் கருத்துக் கேட்க வேண்டும், பணிகளைப் பொதியாகக் கட்டியதற்கும் துண்டாக உடைத்ததற்கும் காரணம் பதிவாக வேண்டும், பார்வையிட்ட சான்று போன்றவை ஒழிய வேண்டும். பின்பக்கம்: அளவு, தர அறிக்கை, பில் தேதி, பணம் போன தேதி எல்லாம் அதே டெண்டர் எண்ணின் கீழ் ஏற வேண்டும். பில் எத்தனை நாள் யார் மேசையில் கிடந்தது என்பது தெரிந்தாலே சிறு காண்ட்ராக்டர் துணிந்து உள்ளே வருவார். ஒவ்வொரு ஒன்றிய அலுவலகத்திலும் டெண்டர் போட உதவும் ஒரு கணினியும் தமிழில் விளக்கும் ஓர் ஆளும் இருந்தால், கணினி மையத்தில் டோக்கனை ஒப்படைக்கும் வழக்கம் குறையும்.

மற்றது மாவட்டத் தணிக்கை அலுவலர்கள் இன்றே தொடங்கக்கூடியது. 13 ஒன்றியங்களிலும் கடந்த சில ஆண்டுகளில் ஒரே ஒருவர் மட்டும் போட்டு வென்ற டெண்டர்கள் எத்தனை, மதிப்பீட்டைத் தொட்டுக்கொண்டு முடிந்தவை எத்தனை, ஒரே ஐ.பி. முகவரியிலிருந்து வந்த போட்டி விலைகள் எத்தனை என்று எடுப்பது ஒரு வாரத்து வேலை. முதல் இரண்டையும் ஓரளவு பொறுமையுள்ள கல்லூரி மாணவர்கூடத் தளத்தின் பழைய முடிவுகளிலிருந்து எடுத்துவிடலாம். மூன்றாவதற்கு மட்டும் அரசு மனம் வைக்க வேண்டும். ஆண்டுக்கு ஆறு கிராமசபைகள் கூடும் மாநிலம் இது. அந்தக் கூட்டத்தில் வரவு செலவு வாசிக்கும்போது, நம் ஊர்ச் சாலைக்கு எத்தனை பேர் டெண்டர் போட்டார்கள், வென்றவர் யார், கேட்ட விலை என்ன, அளந்து கொடுத்த தொகை என்ன என்ற நான்கு வரிகளையும் ஊராட்சிச் செயலர் சேர்த்து வாசிக்க ஓர் அரசாணை போதும்.